ஃபிக்ஸட்டுக்கு அப்பால்: யாழ்ப்பாணத்தில் முதலீடு தொடங்குபவருக்கு

கையில் இரண்டு இலட்சம் சேர்ந்தால் எங்கள் ஊரில் யோசனை மூன்று பக்கம்தான் போகும்: பவுண், காணி, பாங்கில் ஃபிக்ஸட். மூன்றும் மோசமில்லை. ஆனால் எதில் இறங்குவதற்கு முன்னும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

படி 1: வட்டிக்குப் பக்கத்தில் விலைவாசியை எழுதுங்கள்

2021 செப்டெம்பரில் ஒருவர் 100,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு ஒரு வருடம் போட்டார் என்று வையுங்கள். 2022 செப்டெம்பரில் கையில் 107,000. ஆனால் அந்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய வருடாந்தப் பணவீக்கம் (ஒரு வருடத்தில் விலைவாசி கூடிய அளவு) 69.8 சதவீதம். ஒரு வருடத்துக்கு முன் 100,000 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களை இப்போது வாங்க 169,800 வேண்டும். அதாவது அவருடைய 107,000க்கு, பழைய விலையில் சுமார் 63,000 ரூபாய்ச் சாமான்தான் வரும். புத்தகத்தில் காசு கூடியிருக்கிறது, சந்தைக்குப் போனால் பை நிரம்பாது. (கொழும்புக் கணக்கு எங்களுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். முழுத் தீவுக்குமான சுட்டெண் அதே மாதம் 73.7 சதவீதம் காட்டியது.)

இனி மறுபக்கம். விலைவாசியைக் கட்டுப்படுத்த மத்திய வங்கி 2022 ஏப்ரலில், மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. கடன் விலையேறினால் வாங்குவோர் குறைவர், சாமான் விலையின் ஓட்டமும் தணியும். 2022 செப்டெம்பர் கடைசியில் அரசாங்கம் கடன் வாங்க விற்கும் ஒரு வருடத் திறைசேரி உண்டியலின் (விளக்கம் படி 3இல்) வட்டி 30 சதவீதத்துக்கு அருகில் நின்றது. எல்லோரும் பயந்திருந்த அந்த நேரத்தில் வாங்கியவருக்கு அது முதிர்ந்தபோது பணவீக்கம் 1.3 சதவீதம்தான்! ஆகவே இன்றைய வட்டியை மட்டும் பார்க்காமல், வரும் வருடம் விலைவாசி எந்தப் பக்கம் போகும் என்றும் யோசியுங்கள். வரியையும் மறக்க வேண்டாம்: 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் தருகிறார்கள்.

படி 2: அவசரக் காசை ஒதுக்குங்கள்

ஆறு மாதச் செலவுக் காசு சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அதைத் தொட வேண்டாம்.

படி 3: எதை எங்கே வாங்குவது

திறைசேரி உண்டியல் என்பது அரசாங்கத்துக்கு நீங்கள் கொடுக்கும் குறுங்காலக் கடன்: 91, 182, 364 நாட்கள். வட்டியை முன்கூட்டியே கழித்து விற்பார்கள். வட்டி 10 சதவீதம் என்றால் சுமார் 91,000 கொடுத்து வருட முடிவில் 100,000 எடுக்கலாம். பாங்கிலேயே கேளுங்கள்.

யூனிட் ட்ரஸ்ட் என்றால் பலருடைய காசைச் சேர்த்து ஒரு நிறுவனம் முதலிடுவது. நேரமில்லாதவருக்குப் பொருந்தும். ஆனால் முகாமைக் கட்டணத்தைக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

பங்கு என்பது கம்பனியில் ஒரு சிறு உரிமை. ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் கட்டடத்தைக் கடந்து போகிறீர்களே, அதன் கம்பனி கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதன் ஒரு துண்டை நீங்களும் வாங்கலாம். இலாபம் வந்தால் பங்கிலாபம் கிடைக்கலாம். விலை விழுந்தால் நட்டமும் உங்களுடையதே.

பவுண் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் கஸ்தூரியார் வீதியில் பவுண் விலை எகிறியதற்குப் பெரும் காரணம் டொலர். உலகச் சந்தையில் தங்கத்துக்கு டொலரில்தான் விலை. அந்த வருடம் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனது. பவுண் வட்டி தராது, ஆனால் ரூபாய் விழும்போது கைகொடுக்கும். கொஞ்சம் வைத்திருப்பதில் தவறில்லை. முழுக் காசையும் அதில் முடக்குவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

படி 4: காசை வாங்குபவரைச் சோதியுங்கள்

மாதம் 10 சதவீதம் தருகிறேன் என்று யாரும் வந்தால் படி 1இன் கணக்கைப் போடுங்கள். திறைசேரி வருடம் முழுக்கத் தருவதை இவர் ஒரு மாதத்தில் எப்படித் தருவார்? அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியல் மத்திய வங்கி இணையத்தளத்தில் உண்டு. நிறுவனம் விழுந்தால் உங்கள் வைப்புக்கு ஈடு தரும் வைப்புக் காப்புறுதியும் அவற்றுக்குத்தான்: ஒருவருக்கு, ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரை. அதற்கு மேல் இருந்தால் இரண்டு இடங்களில் பிரித்துப் போடுங்கள்.

படி 5: சிடிஎஸ் கணக்குத் திறவுங்கள்

சிடிஎஸ் என்பது நீங்கள் வாங்கும் பங்குகள் உங்கள் பெயரில் பதிவாகும் கணக்கு. பங்கு வாங்க இது கட்டாயம். அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் போதும். பங்குச் சந்தையின் கைபேசிச் செயலியில் விண்ணப்பிக்கலாம், தரகர் ஒருவரையும் தெரிவு செய்ய வேண்டும். நேரில் கேட்க விரும்பினால் யாழ்ப்பாணத்திலும் சந்தைக்குக் கிளை உண்டு. வாங்கும்போது 1.12 சதவீதக் கட்டணம், விற்கும்போதும் அதே. எனவே அடிக்கடி வாங்கி விற்பவரின் இலாபத்தைத் தரகுதான் தின்னும். முதல் தடவை ஒரேயொரு பங்கு வாங்கினாலும் போதும். அந்தக் கம்பனியின் ஆண்டறிக்கையில் கடன் எவ்வளவு என்பதை மட்டும் முதலில் தேடிப் பாருங்கள்.