கலவையில் தண்ணீர் கூடினால் மேஸ்திரியிடம் எப்படிச் சொல்வது?

தளம் போடும் நாளில் சண்டை வருவது பெரும்பாலும் தண்ணீரால்தான். எம்20 தரக் கான்கிரீட் கலவைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். கூடுதல் தண்ணீர் ஆவியானதும் உள்ளே நுண்துளைகள் நிற்கும். பலம் குறையும், பின்னால் ஒழுகும்.

ஆனால் ஆட்கள் முன்னால் "தண்ணி ஜாஸ்தி" என்று சொன்னால் காரியம் கெடும். "இருபது வருஷமா இப்படித்தான் போடுறோம்" என்பார் மேஸ்திரி. அதற்குப் பிறகு அவர் காப்பது கலவையை அல்ல, தன் மரியாதையை.

எனக்குக் கைகொடுத்தது இதுதான்: தளம் போடுவதற்கு முந்தின நாளே, டீ குடிக்கும்போது, தனியாகப் பேசுவது. "அண்ணே, கம்பி நெருக்கமா இருக்கிற இடத்துல கலவை இறங்க என்ன பண்ணலாம்?" என்று கேட்க வேண்டும். அவர் தண்ணீர் ஊற்றுவது சோம்பலால் அல்ல. கெட்டிக் கலவை கம்பிக்குள் இறங்காது, ஆட்கள் கை வலிக்கும். அந்தக் கஷ்டத்தை ஒப்புக்கொண்ட பிறகே, "வைப்ரேட்டர் வாடகை நான் தர்றேன், பிளாஸ்டிசைசரும் வாங்கிடுறேன். தண்ணி மட்டும் அளந்து ஊத்தலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார். வைப்ரேட்டர் கலவையை அதிரவைத்துக் கம்பிக்குள் இறக்கும்; பிளாஸ்டிசைசர் தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து. அதை டப்பாவில் உள்ள அளவுபடி அவரே ஊற்றட்டும்.

மிக்சர் பக்கத்தில் 10 லிட்டர் வாளியில் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் அளவு மீறினால் வாளியைக் காட்டினால் போதும், குரல் உயர்த்த வேண்டியதில்லை.