வீட்டுப் பொருள்களில் மவுத் ஆர்கன் மைக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடகருக்காக நிறுத்தி வைத்த மைக்கின் முன்னால் நின்று மவுத் ஆர்கன் வாசித்தால் ஓசை தெளிவாக, ஆனால் மெலிதாகக் கேட்கும். வாத்தியத்தையும் மைக்கையும் இரண்டு கைகளுக்குள் சேர்த்துப் பொத்தி, காற்று கசியாமல் மூடிக்கொண்டு வாசித்தால் அதே சுரம் தடித்து, சற்றே கரகரத்து, வேறொரு வாத்தியம் போல வரும். 1950-களில் சிகாகோவில் லிட்டில் வால்டர் போன்ற ப்ளூஸ் கலைஞர்கள் இந்த ஓசையை உலகம் முழுவதும் அறியச் செய்தார்கள். அந்த ஓசைக்காக இன்றும் தேடப்படும் அஸ்டாடிக் ஜேடி-30, ஷ்யூர் கிரீன் புல்லட் ஆகிய மைக்குகள் பேச்சுக்கும் அறிவிப்புக்கும் என்று செய்யப்பட்டவை. பேச்சைக் கடத்தும் அளவுக்கு ஒரு மைக் இருந்தால் போதும் என்பதால்தான், ஒரு பஸ்ஸர் தட்டையோ (பீப் ஒலி எழுப்பும் பஸ்ஸருக்குள் இருக்கும் மெல்லிய பித்தளை வட்டு) பழைய தொலைபேசியின் காதுப்பகுதியையோ வைத்து நாமே ஒன்றைச் செய்துகொள்ள முடிகிறது.

கோவையில் இதற்கான பொருள்களுக்குப் பஞ்சமில்லை. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளிலும் காந்திபுரத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் ஒரு மாலை சுற்றினால் தேவையானவை கைக்கு வந்துவிடும். கூடு செய்யத் தேங்காய்த் தொட்டி வீட்டிலேயே கிடக்கிறது. கொட்டாங்கச்சியைத்தான் நம் பக்கம் தொட்டி என்கிறோம். நானே செய்தவையும், வேலை செய்யவில்லை என்று நண்பர்கள் கொண்டுவந்தவையுமாகப் பல மைக்குகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் ஒலியை மின்சாரமாக்கும் எலிமென்ட் நன்றாகவே இருந்தது. அதை எதில் செருகினார்கள், எந்தக் கூட்டில் எப்படி அடைத்தார்கள் என்ற இரண்டு இடங்களில்தான் பிழை இருந்தது.

முதலில் செருகுமிடத்தைப் பார்ப்போம், ஏனென்றால் மிக அதிகமான மைக்குகள் இங்கேதான் வீணாகின்றன. 27 மில்லிமீட்டர் அகலமுள்ள பஸ்ஸர் தட்டை வாங்கி, இரண்டு வயர் வைத்து, கணினி ஸ்பீக்கரிலோ மைக்செட் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையிலோ செருகிவிட்டு, ஓசை தகரம் போல இருக்கிறது என்று தட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். தட்டின் மேல் குற்றமில்லை. இத்தகைய தட்டு ஒரு சிறிய கெப்பாசிட்டரைப் போன்றது. அதன் அளவு சுமார் 20 நானோ ஃபாரட் இருக்கும். அதைச் செருகும் துளையின் உள்தடை 10 கிலோ ஓம் என்றால், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 800 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஓசைகளைப் படிப்படியாக அரித்துவிடும். சி கட்டை மவுத் ஆர்கனில் முதல் துளையை ஊதினால் வரும் சுரம் 262 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ச் சேருகிறது. 2093 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் பத்தாம் துளையோ குறையின்றிப் போகிறது. காதில் தகரமாக விழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அதே தட்டை 1 மெகா ஓம் உள்தடையுள்ள கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் செருகினால் அரிப்பு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், வாத்தியம் முழுமையாகக் கேட்கும்.

கிட்டார் ஆம்ப்ளிஃபயர் இல்லாதவர்கள் இடையில், உள்தடை மிக அதிகமான ஒரு ஃபெட் டிரான்சிஸ்டரை வைத்துக்கொள்ளலாம். பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் படித்தவர்களுக்கு நன்கு பழக்கமான பி.எஃப்.டபிள்யூ. 10 போதும், அதன் கேட் முனையிலிருந்து தரைக்கு, அதாவது சர்க்யூட்டின் பொதுவான கிரவுண்ட் இணைப்புக்கு, 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேல் ஒரு ரெசிஸ்டர் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இதே கணக்கு வால்யூம் கன்ட்ரோலுக்கும் பொருந்தும். கையில் இருக்கிறதே என்று பழைய ரேடியோவின் 10 கிலோ ஓம் கன்ட்ரோலைத் தட்டுக்கு நேராக இணைத்தால், எவ்வளவு நல்ல ஆம்ப்ளிஃபயரில் செருகினாலும் அடிச்சுரங்கள் திரும்பி வரப்போவதில்லை. அங்கே 1 மெகா ஓம் கன்ட்ரோல் வேண்டும்.

சிறிய ஸ்பீக்கரை மைக்காகப் பயன்படுத்துபவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல் வருகிறது. 8 ஓம் ஸ்பீக்கர் தரும் மின்னழுத்தம் மிகக் குறைவு. அதை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபயரைத் திருகிக்கொண்டே போனால் இரைச்சல்தான் ஏறும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்தால், அதைத் தலைகீழாக, ஸ்பீக்கர் பக்கத்தை மைக்குக்கும் மறுபக்கத்தை ஆம்ப்ளிஃபயருக்குமாக இணைக்க வேண்டும். 8 ஓம்முக்கு 1000 ஓம் விகிதமுள்ள டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தைச் சுமார் 11 மடங்கு உயர்த்தித் தரும்.

பழைய கறுப்புத் தொலைபேசியின் கைப்பிடியை உடைப்பவர்கள் தவறாமல் வாய்ப்பகுதியை எடுக்கிறார்கள். பேசுகிற பக்கம் என்பதால் அதுதான் மைக் என்று நினைப்பது இயல்பே. ஆனால் அதற்குள் இருப்பது கரித்துகள். அது தானாக மின்சாரம் உண்டாக்காது, வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்தால்தான் பேசும். மல்ட்டிமீட்டரில் ஓம் அளவில் வைத்துக் குலுக்கினால் எண் தாறுமாறாக மாறும், அதைக் கொண்டு அடையாளம் காணலாம். நமக்கு வேண்டியது காதுப்பகுதி. அதில் காந்தமும் காயிலும் மெல்லிய இரும்புத் தகடும் இருக்கின்றன. நேராக இணைத்தாலே வேலை செய்யும். அதைத் திறக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் பட்டறை மேசையிலேயே வைத்துத் திறந்தார். கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பிசிறு காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தகட்டின் அசைவைத் தடுத்துவிட்டது, எவ்வளவு துடைத்தும் அந்த உரசல் போகவில்லை. வீட்டில், காகிதம் விரித்த சுத்தமான இடத்தில் திறக்க வேண்டும்.

கடைகளில் கண்டன்சர் மைக் என்று கேட்டால் தரும் சிறிய கேப்ஸ்யூலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதற்கு 2.2 கிலோ ஓம் முதல் 10 கிலோ ஓம் வரையிலான ரெசிஸ்டர் வழியாகச் சில வோல்ட் மின்சாரம் தர வேண்டும்; உலோக உறையோடு தொடர்புள்ள கால்தான் தரை. கையில் பொத்தி வாசிக்கும் ஓசையின் அழுத்தத்தில் அது திணறிவிடும், எளிதில் கூவவும் செய்யும். முதல் மைக்குக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பஸ்ஸர் தட்டுக்கு ஈயம் வைப்பதில் கை நிதானம் வேண்டும். வெண்மையான நடுப்பகுதியின் மேல் பூசியிருக்கும் வெள்ளிப் படலம் மிக மெல்லியது. சூட்டுக்கோலை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடித்தால் படலம் ஈயத்தோடு கரைந்து வந்துவிடும், அதன்பின் அந்த இடத்தில் எதுவும் ஒட்டாது. வயரின் நுனிக்கு முன்கூட்டியே ஈயம் பூசி வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு விநாடிக்குள் தொட்டு எடுத்துவிட வேண்டும். பித்தளைப் பக்கம் தரைக்கும் வெள்ளிப் பக்கம் ஓசைக்கும் போக வேண்டும். மாற்றி இணைத்தால் சத்தம் வரத்தான் செய்யும், ஆனால் பித்தளையில் விரல் படும்போதெல்லாம் உறுமும். பித்தளையை வெளிப்பக்கமாக, வாத்தியத்தை நோக்கி வைத்துவிட்டால் அதுவே மின்சார இரைச்சலுக்கு எதிரான ஒரு கவசமாகவும் அமையும்.

தட்டைக் கூட்டோடு சேர்த்து பசைக்குச்சியை உருக்கி முழுவதுமாக மூடிவிடுவதும் பரவலான தவறு. அப்படிச் செய்தால் அது காற்றின் அதிர்வை விட்டுவிட்டுக் கூட்டின் அதிர்வைக் கேட்கத் தொடங்கும். விரல் உரசுவதும் மோதிரம் தட்டுவதும் சுரத்தைவிடப் பெரிதாக ஒலிக்கும். பழைய சைக்கிள் டியூபில் வளையம் வெட்டி, தட்டின் ஓரத்தை மட்டும் அதன் மேல் உட்கார வைத்து, பின்புறம் சிறு பஞ்சுத் துண்டு வைத்தால் கீச்சுக்குரலும் அடங்கும்.

இனி கூடு. வாசிப்பவரின் இரண்டு உள்ளங்கைகளும் வாத்தியத்தையும் சேர்த்து மூட வேண்டும் என்பதால் கூட்டின் வாய் 6 அல்லது 6.5 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பாதியாக உடைத்த தேங்காய்த் தொட்டி இதைவிட நிச்சயம் அகலமாக இருக்கும். அதில் செய்த மைக்கைப் பிடித்தால் விரல் இடுக்குகளில் காற்று வெளியேறி, எந்த ஓசைக்காக இவ்வளவும் செய்தோமோ அது கிடைக்காமல் போகும். தொட்டியின் நடுவில் அறுக்காமல் கண் பக்கமாக இறக்கி அறுத்தால் சரியான அளவில் ஒரு கிண்ணம் கிடைக்கும். மூன்று கண்களில் ஒன்று மட்டும் மென்மையானது. அதைக் குத்தித் திறந்தால் வயர் போக வழி தயார், துளையிடும் வேலை மிச்சம். வயர் போனபின் அந்த ஓட்டையை மெழுகு வைத்து அடைக்காவிட்டால் பின்புறக் காற்றும் முன்புறக் காற்றும் கலந்து அடிச்சுரங்கள் தளர்ந்துபோகும்.

தொட்டியின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்த கையோடு பசை தடவுவது அடுத்த பிழை. பொள்ளாச்சிப் பக்கத்து முற்றிய காயின் தொட்டியில் எண்ணெய்ப் பசை ஊறியிருக்கும். தின்னரால் ஒருமுறை துடைத்து ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு அதற்குள் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டித் தரையோடு இணைக்க வேண்டும், ஏனென்றால் தொட்டி மின்சார இரைச்சலைச் சற்றும் தடுக்காது. துண்டு துண்டாகக் கிழித்து ஒட்டினால், இடையில் இருக்கும் பசை ஒவ்வொரு துண்டையும் மற்றதிலிருந்து பிரித்துவிடும். வெளியில் பார்க்க முழுக் கவசம் போலத் தெரியும், உள்ளே பாதித் தாள் எதனோடும் தொடர்பின்றி நிற்கும். ஒரே தாளாக அழுத்திப் பதித்து, மல்ட்டிமீட்டரில் பீப் ஒலி வருகிறதா என்று நான்கு இடங்களில் பார்க்க வேண்டும். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. ஒரு சிறு திருகாணி, வாசர், அதன் கீழ் வயர் என்று இறுக்குவதே வழி.

இவ்வளவு செய்தபின்னும் பல்லடம், சோமனூர் போன்ற விசைத்தறி ஊர்களில் உறுமல் இருப்பதாகச் சொல்வார்கள். மைக்கை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். திசைக்கேற்ப உறுமல் கூடிக் குறைந்தால், பக்கத்து மோட்டாரின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் காயிலில் ஏறுகிறது என்று பொருள். அலுமினியத் தாள் அதைத் தடுக்காது, இடத்தை மாற்றுவது அல்லது பஸ்ஸர் தட்டுக்கு மாறுவதுதான் தீர்வு. திருப்பினால் மாறாமல், கூட்டைத் தொட்டால் மாறினால் தரை இணைப்பில் கோளாறு. ஸ்பீக்கருக்குப் போடும் இரட்டை வயரை மைக்குக்குப் போட்டவர்களுக்கு இரண்டுமே நடக்கும்; உள்வயரைச் சுற்றிக் கம்பி வலை கொண்ட ஷீல்டு வயரைத் தவிர வேறு எதையும் போடக் கூடாது. ஆம்ப்ளிஃபயரில் செருகும் பின்னைக் கடையில் பி-38 என்று கேட்டு வாங்கலாம்.

உறுமலை நிறுத்த ஆம்ப்ளிஃபயரின் மின்சார பிளக்கில் உள்ள மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, வெட்டிவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், தயவுசெய்து இதை வைத்துக்கொள்ளுங்கள்: அதை ஒருபோதும் செய்யக் கூடாது. ஈரமான உதடு மவுத் ஆர்கனின் உலோகத் தகட்டிலும், வியர்த்த கை மைக்கின் உலோகப் பாகத்திலும் இருக்கும் நேரத்தில் ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு வயர் கழன்றால், எர்த் இல்லாத மின்சாரத்துக்கு உடலே வழியாகும். கோடையில் எர்த் குழி வறண்டு கிடந்தால் தண்ணீர் ஊற்றுங்கள், வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாவிட்டால் பொருத்துங்கள். தாத்தா காலத்து வால்வு ரேடியோவை ஆம்ப்ளிஃபயராக மாற்றும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். சிலவற்றில் உள்சட்டமே நேராக மின்கம்பியோடு இணைந்திருக்கும். அணைத்தபின்னும் கெப்பாசிட்டர்களில் உயிர்கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பழைய டேப்ரெக்கார்டரோடு வந்த கிரிஸ்டல் மைக் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள், ஆனால் அதைக் காப்பாற்றுவது கடினம். அதற்குள் இருக்கும் ரோஷெல் உப்பின் படிகம் 55 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் திரும்ப முடியாதபடி கெட்டுவிடும். சித்திரை மாதத்தில் ஈரோட்டிலோ கரூரிலோ வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் போதும். ஈரமும் அதற்கு ஆகாது. மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். எந்த எலிமென்ட்டாக இருந்தாலும் மூச்சின் ஈரம் நேராகப் படாமல் முன்புறம் ஒரே ஒரு மடிப்பில் பனியன் துணி கட்டலாம். திருப்பூர் வெட்டுத்துண்டு ஒன்று போதும். இரண்டு மடிப்பு போட்டால் மேல்சுரங்கள் மங்கும்.

கூட்டின் வாயைப் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிட்டு அதன்பின் சோதிப்பதை நான் இரண்டு முறை செய்து, இரண்டு முறையும் தொட்டியை உடைத்திருக்கிறேன். டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி மட்டும் வைத்துக்கொண்டு, முதல் துளையிலிருந்து பத்தாம் துளை வரை கையைத் திறந்து ஒருமுறையும் பொத்தி ஒருமுறையும் மெதுவாக ஊதிப் பாருங்கள். பொத்தும்போது முதல் மூன்று துளைகள் தடித்து முன்வர வேண்டும். வரவில்லையென்றால் ரப்பரைக் கழற்றி, வயர் நுழையும் அந்தக் கண்ணின் மெழுகை முதலில் பாருங்கள்.