ஓல்டாமில் கழிந்த பால்யத்தை எழுதி வைப்பது எப்படி

நான்கு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்ட பிறகுதான் எனக்கு வழி பிடிபட்டது. "1961இல், ஆறு வயதில், மருத்துவரான அப்பாவுடன் ஓல்டாமுக்கு வந்தோம்" என்று தொடங்கியிருந்தேன். படித்துப் பார்த்தால் வேலைக்கு அனுப்பும் விண்ணப்பம் போல இருந்தது. அதில் ஊரும் இல்லை, அம்மாவும் இல்லை. ஓல்டாம் போன்ற இங்கிலாந்துப் பஞ்சாலை ஊர் ஒன்றில் வளர்ந்து, அதைப் பிள்ளைகளுக்காக எழுத நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பிறந்த தேதியில் தொடங்காதீர்கள். உங்கள் கை தினமும் செய்த ஒரு வேலையில் தொடங்குங்கள்.

எனக்கு அது, வீட்டுக்குள் குளிர்காயும் கரியடுப்பான கணப்பை மூட்டுவது. முதலில் நேற்றைய சாம்பலைக் கிளறி, பாதி எரிந்த கரித்துண்டுகளைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பழைய செய்தித்தாளை முறுக்கி முடிச்சுப் போட்டு அடியில் பரப்ப வேண்டும். அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுள்ளி, அதற்கும் மேல் சின்னக் கரி. தீ வைத்ததும் ஒரு முழுத் தாளை விரித்துக் கணப்பின் வாயை மூடிப் பிடிக்க வேண்டும். காற்று அடிவழியாக மட்டும் நுழையும். தாள் உள்பக்கம் இழுபடும். புகைபோக்கிக்குள் 'ஹோ' என்று இரைச்சல் எழும். தாளின் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றும். அது கருப்பதற்குள் தாளை எடுத்துவிட வேண்டும். கீழ் மூலைகள் இரண்டும் என் பொறுப்பு. மேல் மூலைகளைப் பிடித்திருந்த அம்மா, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, அப்பாவின் கம்பளிச் சட்டையை மேலே போட்டிருந்தார். இதைப் படி படியாக எழுதும்போதுதான் அம்மாவின் கை கண்ணுக்குத் தெரிந்தது. வேலையை ஒழுங்காக எழுதினால் ஆட்கள் தாமாக வந்து நிற்பார்கள்.

அடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்குப் போன வழியை நினைவிலிருந்தே வரையுங்கள். வரைந்து முடிக்கும்வரை எந்த வரைபடத்தையும் பார்க்க வேண்டாம். பிறகு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்துக்குப் போங்கள். அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே வரைந்த இங்கிலாந்தின் பழைய வரைபடங்களையும் அங்கே இலவசமாகப் பார்க்கலாம். ஒரு மைலை 25 அங்குலமாகக் காட்டும் வரைபடங்களில் வீட்டு வரிசைகளும் சந்துகளும்கூடத் தெரியும். நான் ஆலையைச் சாலையின் இடப்பக்கம் வரைந்திருந்தேன். பள்ளிக்குப் போகும்போது அது வலப்பக்கம். தவறைத் திருத்தப் போனவள் நிறுத்திக்கொண்டேன். திரும்பி வரும்போது அது இடப்பக்கம்தானே! பஞ்சுத்தூள் ஒட்டிய தலைமுடியோடு பெண்கள் வெளியே வரும் நேரத்து ஆலையைத்தான் என் மனம் வைத்திருந்திருக்கிறது. ஆகவே பிழைகளை அழித்துவிடாதீர்கள். ஏன் தவறாக வந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

பெயர்களையும் விடாதீர்கள். ஆலையின் பெயரைப் புகைபோக்கியில் வெள்ளைச் செங்கல்லால் பதிப்பது அந்தப் பக்கத்து வழக்கமாக இருந்தது. பக்கத்து ஊரான ஷாவில் லைலாக் மில், பிரையர் மில் என்று இருந்தன. லைலாக் ஒரு பூ என்று அறியும் முன்பே அது எனக்கு ஓர் ஆலை.

ஆண்டு குழம்பினால் பொது நிகழ்வுகளில் கட்டிப்போடலாம். 1962 டிசம்பர் கடைசியில் தொடங்கிய கடுங்குளிர் 1963 மார்ச் தொடக்கம் வரை விடவில்லை. பள்ளியில் தந்த மூன்றில் ஒரு பைண்ட் (ஏறக்குறைய 190 மில்லி) புட்டிப் பால் உறைந்து, மூடியைத் தூக்கிக்கொண்டு நின்ற நாள் அந்தக் குளிர்காலத்தைச் சேர்ந்தது என்று அப்படித்தான் முடிவுக்கு வந்தேன். கடையில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்று கணக்குப் போட்டிருந்தால் அது நாணயக் கணக்கு மாறிய 1971 பிப்ரவரி 15க்கு முந்தைய நினைவு.

கசப்பையும் எழுதுங்கள். ஆசிரியை ஒருவர் என் பெயர் நீளமாக இருக்கிறது என்று முதல் வாரமே அதை இரண்டு எழுத்தாக வெட்டிவிட்டார். பதினோரு வயதுவரை அந்தத் துண்டுப் பெயரோடு இருந்தேன். அதைச் சமாதானம் சொல்லாமல் எழுதினேன், முழுப் பெயரையும் சேர்த்து.

பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால் இன்றே கேளுங்கள். ஆனால் "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நன்றாகத்தான் இருந்தது" என்று முடித்துவிடுவார்கள். பொருளைப் பற்றிக் கேளுங்கள். "அம்மா, கரி மூட்டையை எங்கே இறக்கினார்கள்?" என்றேன். ஏறக்குறைய ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் தூக்கி, பின்சந்து வழியாக வந்து கொட்டுவார்கள் என்றார். அந்தச் சந்துக்கு எங்கள் தெருவில் 'கின்னல்' என்று பெயர். அப்படியே எழுதுங்கள், 'சந்து' என்றால் அந்த ஈரமும் எதிரொலியும் வராது. சத்தத்தை வைத்தே மூட்டையை எண்ணுவேன், ஒன்று குறைந்தாலும் வெளியே போய் நிற்பேன் என்றார் அம்மா. அவர் யாரையும் எதிர்த்து நின்றதை நான் பார்த்ததே இல்லை.

அதே பேச்சில்தான் கேட்டேன்: "உனக்கு ஆங்கிலமே தெரியாதே, கணப்பு மூட்ட யார் சொல்லிக்கொடுத்தது?" அடுத்த வீட்டுக் கிழவி என்றார். அவர் இளமையில் பர்ன்லி என்ற ஊரின் நெசவுச் சாலையில் வேலை பார்த்தவர். எங்கள் வட்டாரமான லங்காஷயரின் தறிகளின் இரைச்சலில் காது கேட்காது என்பதால், நெசவுப் பெண்கள் உதட்டைப் பெரிதாக அசைத்து, கையால் காட்டிப் பேசுவார்கள். 'மீ-மா' என்பார்கள் அதை. அந்தக் கிழவி செய்தித்தாளோடு வந்து, எங்கள் கணப்பின் முன் மண்டியிட்டு, குரலே இல்லாமல் உதட்டாலும் கையாலும் அம்மாவுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறார். "ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது" என்றார் அம்மா.