அமேசான் நேர்காணலா? கோடிங்கோடு சம்பவங்களையும் தயார் செய்யுங்கள்

கடைசிக் கட்டத்துக்கு அங்கே 'லூப்' என்று பெயர். பெரும்பாலும் நான்கைந்து பேர், ஆளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கம்பெனியின் 16 லீடர்ஷிப் பிரின்சிபிள்களில் (ஊழியர்கள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்ற கொள்கைகள்) ஆளுக்கு இரண்டு மூன்றைப் பிரித்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். கோடிங் சுற்றிலும் இது உண்டு.

"மேனேஜரோடு கருத்து வேறுபட்ட ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்" என்பது போலத்தான் கேட்பார்கள். சூழல், உங்கள் பொறுப்பு, செய்தது, விளைவு என்ற வரிசையில் பதில் போகட்டும். "ரிப்போர்ட்டை நாங்கள் வேகப்படுத்தினோம்" என்றால், "அதில் நீங்கள் செய்தது என்ன?" என்று உடனே மடக்குவார்கள். அப்படிச் சொல்லாமல், "40 நொடி ஆன ரிப்போர்ட், ஒரே டேட்டாபேஸ் குவெரி ஒவ்வொரு வரிக்கும் திரும்ப ஓடுவதைப் பார்த்தேன், ஒன்றாகச் சேர்த்தேன், 6 நொடிக்கு இறங்கியது" என்று சொல்லிப் பாருங்கள். நான், எண், விளைவு மூன்றும் வந்துவிட்டன.

இப்படி எட்டு பத்து சம்பவங்கள் கையில் இருக்கட்டும். உண்மையாகவே சொதப்பியது ஒன்றும் அதில் வேண்டும். ("அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை" என்பதெல்லாம் எடுபடாது.) எல்லாரிடமும் ஒரே சம்பவத்தை ஒப்பிக்காதீர்கள்; பிறகு அவர்கள் கூடி, குறிப்புகளை வைத்துப் பேசித்தான் முடிவெடுப்பார்கள்.

அவர்களில் ஒருவர் 'பார் ரெய்சர்', ஆள் எடுக்கும் தரம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேறு டீம்காரர். அவர் வேண்டாம் என்றால் வேலை கிடைக்காது. யார் அவர் என்று பொதுவாகச் சொல்லமாட்டார்கள்.

பேசும்போது எதிரில் இருப்பவர் நிமிராமல் டைப் அடித்துக்கொண்டே இருந்தால் பதறாதீர்கள். நீங்கள் சொல்வதைத்தான் பதிகிறார்.