பி.எட். படித்தவர் ஆஸ்திரேலியாவில் ஆசிரியராக: தகுதிக்கு அங்கீகாரம் பெறும் வழி

தமிழ்நாட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வகுப்பெடுத்த ஓர் ஆசிரியர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர எண்ணும்போது, தம் பணி அனுபவமே தமக்காகப் பேசும் என்று நம்புவது இயல்பு. அங்கே முதலில் எழும் கேள்வியோ வேறு. பி.எட். படித்த காலத்தில் மேற்பார்வையின் கீழ் எத்தனை நாள்கள் பள்ளியில் பாடம் நடத்தினீர்கள், அதற்கு எழுத்துமூலச் சான்று இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வேதியியல் ஆசிரியையான என் அக்கா இந்த ஒரு கேள்விக்கு விடை தேடி ஏழு மாதங்கள் அலைந்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே செய்து முடிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், கடக்க வேண்டிய வாசல்கள் இரண்டு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். திறன் அடிப்படையிலான 189, 190, 491 ஆகிய விசாக்களுக்கு ஆசிரியராக விண்ணப்பிப்பவரின் தகுதியை மதிப்பிடுவது ஏ.ஐ.டி.எஸ்.எல். (AITSL) என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய நிறுவனம். அது சாதகமான முடிவைத் தந்தாலும், வகுப்பறைக்குள் நுழைய அந்த முடிவு மட்டும் போதாது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஆசிரியர் பதிவுக்கெனத் தனி அமைப்பு உண்டு. விக்டோரியாவில் வி.ஐ.டி., நியூ சௌத் வேல்ஸில் நெசா, குயின்ஸ்லாந்தில் கியூ.சி.டி. என்று அவற்றுக்குப் பெயர். முதல் வாசல் குடியேற்றத்துக்கு, இரண்டாவது வேலைக்கு. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தனித்தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும்.

கணவரின் அல்லது மனைவியின் விசாவில் துணையாகச் செல்பவர்களுக்கு முதல் வாசல் கட்டாயமன்று. அவர்கள் நேரே மாநிலப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். தகவல் தொழில்நுட்பத் துறையில் இருக்கும் கணவருடன் செல்லும் ஆசிரியைகள் பலர் இதை அறியாமல் பணத்தையும் காலத்தையும் செலவிடுகிறார்கள். ஆயினும், துணைவரும் 45 வயதுக்கு உட்பட்டவராக இருந்து, திறன் மதிப்பீட்டையும் ஆங்கிலத் தகுதியையும் பெற்றிருந்தால், புள்ளிக் கணக்கில் ஆள்களைத் தேர்ந்தெடுக்கும் இந்தத் திறன் விசாக்களில் முதன்மை விண்ணப்பதாரரின் கணக்கில் 10 புள்ளிகள் சேரும். அந்தப் புள்ளிகள் உங்கள் குடும்பத்துக்குத் தேவையா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏ.ஐ.டி.எஸ்.எல். எதிர்பார்ப்பது, குறைந்தது நான்கு ஆண்டுகள் முழுநேர உயர்கல்விக்கு இணையான படிப்பு. அதில் குறைந்தது ஓராண்டு ஆசிரியர் பயிற்சியாக இருக்க வேண்டும். மூன்றாண்டு பி.எஸ்சி. அல்லது பி.ஏ. முடித்து அதன்மேல் பி.எட். படித்தவர்களுக்கு ஆண்டுக் கணக்கு பொருந்திவிடும். பி.எட். இல்லாமல் எம்.எஸ்சி., எம்.ஃபில். மட்டும் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றிருப்பதை நம் ஊரில் பெரிதாகக் கருதுகிறோம். அது வேலைக்கான தகுதியைத் தீர்மானிக்கும் தேர்வே தவிரப் பயிற்சி அல்லவாதலால் இந்தக் கணக்கில் சேராது. இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும், இலங்கையில் தேசிய கல்வியியற் கல்லூரி டிப்ளோமா மட்டும் பெற்றவர்களும், பட்டப்படிப்பு இல்லாத நிலையில் விண்ணப்பித்துப் பணத்தை இழக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது, எந்த வகுப்பு ஆசிரியராக விண்ணப்பிப்பது என்பது. நீங்கள் இப்போது எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறீர்கள் என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. எந்த வயது மாணவர்களுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றீர்கள் என்பதே அடிப்படை. ஒரு கணிதப் பட்டதாரி பி.எட். முடித்துவிட்டு, தனியார் பள்ளி ஒன்றில் எட்டு ஆண்டுகளாக மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பயிற்சி உயர்நிலை வகுப்புகளுக்கானது. ஆகவே அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியராக விண்ணப்பித்தால் நிராகரிக்கப்படும் வாய்ப்பே அதிகம். ஆஸ்திரேலியாவில் ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்நிலைப் பள்ளி என்பதால், அவர் அந்தப் பிரிவில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இனிச் சிக்கலின் மையத்துக்கு வருகிறேன். ஆசிரியர் பயிற்சியின் பகுதியாகக் குறைந்தது 45 நாள்கள் மேற்பார்வையின் கீழ் பள்ளியில் கற்பித்திருக்க வேண்டும் என்பது விதி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு, அதாவது 2015–16 முதல், பி.எட். இரண்டாண்டுப் படிப்பாயிற்று, அதில் 20 வாரங்கள் பள்ளிப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. அதன்பின் படித்தவர்களுக்கு நாள் கணக்கில் தட்டுப்பாடு இருக்காது. அதற்கு முந்தைய ஓராண்டு பி.எட்.டில் கற்பித்தல் பயிற்சிக்கு வகுக்கப்பட்ட குறைந்தபட்சம் 40 நாள்கள். இந்த ஐந்து நாள் இடைவெளிதான் பல மூத்த ஆசிரியர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. பல ஆண்டுப் பணி அனுபவம் அந்த ஐந்து நாள்களை ஈடுகட்டிவிடும் என்று தாமாகவே எண்ணிக்கொண்டு விண்ணப்பிக்கக் கூடாது.

நாள்கள் போதிய அளவு இருந்தாலும், அதை மதிப்பெண் பட்டியல் காட்டாது. கற்பித்தல் பயிற்சி என்று ஒரு வரியும் அதற்கு எதிரே ஒரு மதிப்பெண்ணும் மட்டுமே அதில் இருக்கும். ஆகவே படித்த கல்லூரியிடம் தனிக் கடிதம் ஒன்று பெற வேண்டும். கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாளில், ஆங்கிலத்தில், முதல்வரின் கையொப்பம், முத்திரை, தேதி ஆகியவற்றுடன் அது அமைய வேண்டும். உங்கள் முழுப்பெயர், பதிவு எண், படித்த ஆண்டு, பயிற்சி நடந்த பள்ளியின் பெயர், தொடக்க நாள், முடிவு நாள், மொத்த வேலை நாள்கள், நடத்திய வகுப்புகள், மாணவர்களின் வயது, கற்பித்த பாடங்கள், மேற்பார்வை செய்து மதிப்பிட்டவர் யார் என்பவை ஒன்று விடாமல் இடம்பெற வேண்டும். ‘பயிற்சியைச் சிறப்பாக நிறைவு செய்தார்’ என்ற பொதுவான பாராட்டுக் கடிதத்தால் பயனில்லை.

அக்கா 2007இல் பி.எட். முடித்தவர். அவர் படித்த கல்லூரிக்கு நான்கு முறை சென்றோம். முதல் முறை அலுவலகத்தில் இருந்தவர், அத்தகைய கடிதம் எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். பழைய பதிவேடுகள் மழையில் நனைந்து போயின என்று இரண்டாம் முறை சொன்னார்கள். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அக்கா பரணில் கட்டி வைத்திருந்த கற்பித்தல் பயிற்சிப் பதிவேடு. பழுப்பேறிய அட்டை, உள்ளே ஒவ்வொரு பாடக்குறிப்பின் மேலும் தேதி, வகுப்பு, பாட வேளை, கீழே வழிகாட்டி ஆசிரியரின் சிவப்பு மைக் கையொப்பம், கடைசிப் பக்கத்தில் பள்ளித் தலைமை ஆசிரியர் பச்சை மையில் எழுதிய வருகைச் சான்று. அந்தத் தேதிகளை வரிசையாக எண்ணி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தபோதுதான், 40 நாள் பயிற்சிக்கு முன்னர் இரண்டு வாரங்கள் வேறொரு பள்ளியில் இரண்டாம் பாடத்துக்கென வகுப்பெடுத்ததும் கணக்கில் வந்தது. முதல்வர் பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அன்றே கடிதத்தில் கையொப்பமிட்டார். உங்கள் வீட்டில் அந்தப் பதிவேடு இருந்தால், தயவுசெய்து பழைய தாள் வாங்குபவரிடம் போட்டுவிடாதீர்கள்.

உண்மையில் 40 நாள்களே பயிற்சி பெற்றிருந்தால், 45 என்று எழுதித் தரும்படி கல்லூரியைக் கேட்காதீர்கள். மதிப்பீட்டாளர்கள் கல்லூரியையே தொடர்புகொண்டு சரிபார்க்கலாம். போலி ஆவணம் தந்ததாகக் குடியேற்றத் துறை முடிவு செய்தால், மூன்றாண்டுகள் வரை விசா மறுக்கப்படும். பணத்துக்கு எந்தக் கடிதமும் வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர்கள் உண்டு. அவர்கள் சொல்லைக் கேட்டு ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைப் பணயம் வைப்பது எனக்கு மிகுந்த வேதனை தரும் செயல்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கவிதா’ என்றும், பட்டச் சான்றிதழில் ‘கவிதா எஸ்.’ என்றும், கடவுச்சீட்டில் ‘கவிதா சுப்பிரமணியன்’ என்றும், திருமணத்துக்குப் பின் வங்கிக் கணக்கில் கணவரின் பெயரோடும் இருப்பவர் ஒரே ஆள்தான் என்பது நமக்குச் சொல்லாமலே விளங்கும். தலைப்பெழுத்து என்ற வழக்கத்தை அறியாத மதிப்பீட்டாளருக்கு அது விளங்காது. எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் பெற்று, திருமணப் பதிவுச் சான்றிதழையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. கடவுச்சீட்டில் உள்ள பெயரை ஏனைய விண்ணப்பங்கள் அனைத்திலும் எழுத்து மாறாமல் பயன்படுத்துங்கள்.

படிப்பு விவரச் சான்றை எங்கே பெறுவது என்பதிலும் சிலர் குழம்புகிறார்கள். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008இல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன் பி.எட். முடித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், பாரதிதாசன் என்று தங்கள் பட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அங்கேதான் கேட்க வேண்டும். பின்னர் முடித்தவர்கள் சென்னை காரப்பாக்கத்தில் உள்ள பல்கலைக்கழகத்தை அணுக வேண்டும். முத்திரையிட்ட உறையில் இரண்டு பிரதிகளாவது கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், மாநிலப் பதிவுக்கும் அவை உதவும். தமிழில் உள்ள பணிச் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை.

ஆங்கிலத் தேர்வு பலருக்கும் பெரிய மலை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் தேவையான உயர்கல்வி பெறாதவர்கள் ஐ.இ.எல்.டி.எஸ். அகடமிக் தேர்வில் கேட்டல், பேசுதல் இரண்டிலும் 8, வாசித்தல், எழுதுதல் இரண்டிலும் 7 எடுக்க வேண்டும். மற்றப் பல தொழில்களுக்குக் கேட்பதைவிட இது அதிகம். வகுப்பறையில் குழந்தை முணுமுணுப்பதையும் புரிந்துகொண்டு உடனே பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர் என்பதால் இதை நான் நியாயமாகவே கருதுகிறேன். ஆங்கில வழியில் படித்தேன் என்ற கல்லூரிக் கடிதம் இங்கே செல்லாது. ஒரே குறிப்பு: தேர்வு முடிவு இரண்டாண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்பதால், பயிற்சி நாள்களுக்கான கல்லூரிக் கடிதம் கைக்கு வரும் நிலையில் தேர்வை எழுதுங்கள். அக்கா முதலில் தேர்வெழுதிவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்ததில், அந்த இரண்டாண்டுக் காலத்தில் ஒரு பகுதி வீணாகக் கழிந்தது.

தாள்கள் எல்லாம் சேர்ந்த பிறகு விண்ணப்பிப்பது எளிது. மூலச் சான்றிதழ்களை வண்ணத்தில் தெளிவாக ஸ்கேன் செய்து, ஏ.ஐ.டி.எஸ்.எல். இணையதளத்தில் அன்றைய தேதியில் உள்ள ஆவணப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள். விசாவுக்கான புள்ளிகள் குறைவாக இருப்பவர்கள், மொழிபெயர்ப்பாளர்களுக்கு அங்கீகாரம் தரும் நாட்டி (NAATI) என்ற ஆஸ்திரேலிய அமைப்பு நடத்தும் சி.சி.எல். மொழித் தேர்வைத் தமிழில் எழுதி 5 புள்ளிகள் பெறலாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மாநிலப் பதிவுக்கு மேற்கண்ட ஆவணங்களோடு காவல்துறைச் சான்று தேவை. இந்தியாவில் இதைக் கடவுச்சீட்டு அலுவலகம் வழியாகப் பெறலாம். வேறு நாட்டில் வேலை பார்த்திருந்தால், வளைகுடாவில் இருந்தவர்கள் குறிப்பாக, அங்கிருந்து கிளம்பும் முன்பே அந்நாட்டுச் சான்றையும் பெற்றுவிடுங்கள், பின்னால் பெறுவது கடினம். குழந்தைகளுடன் பணியாற்றுவதற்கான தனிச் சோதனை நியூ சௌத் வேல்ஸில் கட்டாயம்; விக்டோரியாவில் ஆசிரியர் பதிவே அதன் இடத்தில் நிற்கும். ஒரு மாநிலத்தில் பதிவு பெற்றவர் வேறு மாநிலத்துக்குச் சென்றால், பரஸ்பர அங்கீகாரத்தின் கீழ் எளிதாக மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் கிடைப்பது பெரும்பாலும் தற்காலிகப் பதிவு. முழுப் பதிவுக்கு, ஆசிரியர்களுக்கான தேசியத் தரநிலைகள் ஏழுக்கும் சான்று காட்ட வேண்டும். விக்டோரியாவில் குறைந்தது 80 நாள்கள் கற்பித்திருக்கவும் வேண்டும். விடுப்பில் செல்லும் ஆசிரியருக்குப் பதிலாகச் செல்லும் பணியை ஏற்றுக்கொண்டால் அந்த நாள்கள் விரைவில் சேரும். அக்கா மெல்பேர்னில் அப்படித்தான் தொடங்கினார். இப்போது ஒவ்வொரு பள்ளியிலும் வேலை முடிந்ததும் தேதி, வகுப்பு, பாடம், பொறுப்பாசிரியரின் கையொப்பம் ஆகியவற்றை ஒரு நோட்டில் வாங்கி வைத்துக்கொள்கிறார்.