டியூரோமீட்டரால் ரப்பரின் கடினத்தன்மையை அளப்பது எப்படி?

ரப்பர் துண்டு ஒன்றைக் கொடுத்து எவ்வளவு கெட்டி என்று கேட்டால், பலரும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். அதையே எண்ணாகச் சொல்ல, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி இருக்கிறது: ஷோர் டியூரோமீட்டர். ஆல்பர்ட் ஷோர் 1920களில் உருவாக்கியது. யார் அழுத்தினாலும் ஏதோ ஒரு எண் வந்துவிடும். அது நம்பக்கூடிய எண்ணா என்பது அழுத்தும் விதத்தில் இருக்கிறது.

கருவியின் அடியில் தட்டையான பாதம் ஒன்று உண்டு. அதன் நடுவிலிருந்து சிறிய முனை ஒன்று 2.5 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பின்னால் ஒரு ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டிருக்கும். பொருளின் மேல் வைத்து அழுத்தும்போது முனை முழுவதும் புதைந்தால் 0, கொஞ்சமும் புதையாவிட்டால் 100. இடையில் ஒவ்வொரு எண்ணும் 0.025 மி.மீ. நாம் கெட்டி என்று சொல்வது, முனை எவ்வளவு புதைய மறுக்கிறது என்பதைத்தான்.

1. எந்த அளவுகோல்?

ரப்பர், சிலிக்கோன், செருப்பின் அடிப்பாகம் போன்றவற்றுக்கு ஷோர் ஏ. இதன் முனை நுனி வெட்டிய கூம்பு. ஸ்பிரிங்கின் முழு விசை சுமார் 8 நியூட்டன். கெட்டியான பிளாஸ்டிக்குக்கு ஷோர் டி: கூரான முனை, சுமார் 44 நியூட்டன். ஸ்பாஞ்ச், ஜெல் வகைகளுக்கு உருண்டை முனை கொண்ட ஷோர் ஓஓ. ஏ-யில் 90-ஐத் தாண்டினால் டி-க்குப் போங்கள். 20-க்குக் கீழே வந்தால் ஓஓ-வுக்கு இறங்குங்கள். 70 ஏ என்பது டயர் ரப்பர் மாதிரி வளையும், 70 டி நகத்துக்கு அசையாத பிளாஸ்டிக். அதனால் எழுத்து இல்லாமல் வெறும் 70 என்று யாராவது சொன்னால், எந்த அளவுகோல் என்று உடனே கேட்டுவிடுங்கள்.

2. மாதிரித் துண்டு

குறைந்தது 6 மி.மீ. தடிமன் வேண்டும். மெல்லிய துண்டை மேசையில் வைத்து அழுத்தினால் மேசையின் கெட்டித்தனமும் எண்ணில் சேர்ந்துவிடும். மெல்லிய தகடுகளை அடுக்கி 6 மி.மீ. ஆக்கலாம். ஆனால் அவை ஒன்றோடொன்று நன்றாகப் படிய வேண்டும். அப்போதும் ஒரே துண்டில் வரும் எண்ணே வரும் என்று சொல்ல முடியாது. பரப்பு தட்டையாக இருக்கட்டும். ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போன்ற சின்ன, வளைந்த பொருளுக்கு இந்தக் கருவி ஒத்துவராது. அதற்கு ஷோர் எம் போன்ற நுண் அளவுகோல்கள் தனியாக உண்டு. வெயிலில் கிடந்த ரப்பரை அப்படியே அளக்காதீர்கள். 23 டிகிரி செல்சியஸ், 2 டிகிரி கூடக் குறைய, என்பதுதான் வழக்கம்.

3. கருவியைச் சோதியுங்கள்

காற்றில் பிடித்தால் எண்ணைக் காட்டும் முள் 0-வில் நிற்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் மெதுவாக, நேராக அழுத்தினால் 100. டி வகையின் கூர்முனை எளிதில் மழுங்கும், அதில் கூடுதல் கவனம் தேவை. கருவியோடு எண் பொறித்த சோதனைத் துண்டு வந்திருந்தால் அதிலும் ஒருமுறை பாருங்கள்.

4. அழுத்துவது

பெரும்பாலான பிழை இங்கேதான் வருகிறது. கருவியைச் செங்குத்தாகப் பிடித்து, அதிர்வு இல்லாமல் ஒரே சீராக இறக்குங்கள். பாதம் முழுவதும் பரப்பில் படிந்ததும் போதும், அதற்குமேல் பலத்தைக் கூட்ட வேண்டாம். பாதம் ஒரு பக்கம் தூக்கியிருந்தால் முனை முழுதாக இறங்காது. எண் தவறாக வரும். கை நடுங்குகிறது என்றால் ஸ்டாண்டு வாங்குவது நல்லது. ஏ-க்கு 1 கிலோ, டி-க்கு 5 கிலோ எடையைக் கொண்டு அதுவே சீராக அழுத்தும். தொடர்ந்து அளக்கும் வேலை இருப்பவர்களுக்கு ஸ்டாண்டைத்தான் பரிந்துரைப்பேன்.

5. எப்போது வாசிப்பது?

பாதம் படிந்த பிறகும் முள் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். கருவியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம், ரப்பர் அழுத்தத்துக்கு மெல்ல இடம்கொடுக்கிறது. அதனால்தான் நேரத்தை நிர்ணயித்திருக்கிறார்கள்: அமெரிக்கத் தர அமைப்பின் ஏஎஸ்டிஎம் டி2240 முறையில் 1 விநாடி, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் முறையில் வல்கனைஸ் செய்த (சூடாக்கி உறுதியாக்கிய) ரப்பருக்கு 3 விநாடி, தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் உருகும்) ரப்பருக்கு 15 விநாடி. எதைப் பின்பற்றினாலும் சரி, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

6. ஐந்து இடங்கள்

ஒரே இடத்தில் மறுபடி அழுத்தக் கூடாது. முதல் அழுத்தத்தின் தடம் அங்கே இருக்கும். ஓரத்திலிருந்து 12 மி.மீ. உள்ளே, ஒன்றுக்கொன்று 6 மி.மீ. தள்ளி, ஐந்து இடங்களில் அளந்து வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள். 66, 67, 67, 68, 71 என்று வந்தால் விடை 67. ஒரே ஒரு 71 ஏன் வந்தது என்று அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். மேடோ அழுக்கோ இருக்கலாம்.

அப்புறம் நோட்டில் இப்படி எழுதுங்கள்: 67 ஷோர் ஏ, 3 விநாடி, 23 டிகிரி, தடிமன் 6 மி.மீ. அடுக்கி அளந்திருந்தால் எத்தனை தகடு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.