2⁶⁷ − 1: பெரிய எண்ணைக் கையாளும்போது சறுக்கும் இடங்கள்

2⁶⁷ − 1 = 147573952589676412927. இருபத்தோரு இலக்கம். இதை எக்செல்லில் ஒரு கட்டத்தில் தட்டிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: 147573952589676000000. எக்செல் 15 இலக்கம் வரைதான் காப்பாற்றும், மீதியைச் சுழியாக்கிவிடும். ஒற்றைப்படை எண் சத்தமில்லாமல் இரட்டைப்படை ஆகிவிட்டது. இதை வைத்துக்கொண்டு எதால் வகுபடும் என்று தேடினால் வருவதெல்லாம் குப்பைதான். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்ணாகப் போட்டால் 2⁶⁷-உம் 2⁶⁷ − 1-உம் சமம் என்றே சொல்லும். பைத்தானில் முழு எண் பத்திரமாக இருக்கும். ஆனால் வகுக்கும்போது இரட்டைச் சாய்கோட்டுக்குப் பதில் ஒற்றைக் கோடு போட்டீர்களோ, அங்கேயும் கடைசி இலக்கங்கள் போச்சு.

இலக்கங்களைக் கட்டிக்கொண்டு அழாமல் 2⁶⁷ − 1 என்ற வடிவத்தையே பிடித்துக்கொள்வது நல்லது. அதிலும் சறுக்கல் உண்டு. எத்தனை இலக்கம் என்று பார்க்க அடுக்கை 2-இன் மடக்கையால் (log 2 = 0.30103) பெருக்குவார்கள்: 67 × 0.30103 = 20.17, உடனே "20 இலக்கம்" என்பார்கள். முழுப் பகுதியோடு ஒன்று கூட்ட வேண்டும். கடைசி இலக்கத்துக்கு 2, 4, 8, 6 என்ற சுழற்சி போதும்: 67-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3, ஆக 8, ஒன்று கழித்தால் 7. அடுக்கு 64 மாதிரி இருந்து மீதி 0 வந்தால் 6 என்று எடுக்க வேண்டும். அங்கே 1 என்று எழுதுகிறவர்கள் ஏராளம்.

பெரிய தவறு இனிமேல்தான். 67 பகா எண், அதனால் 2⁶⁷ − 1-உம் பகா எண் என்று நினைப்பது. 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. எந்தெந்த அடுக்குக்கு இப்படிப் பகா எண் வரும் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் 67-ஐச் சேர்த்திருந்தார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகா 2⁶⁷ − 1 பகு எண் என்று நிரூபித்தார், ஆனால் ஒரு காரணியைக்கூடக் காட்டவில்லை. "காரணி தெரியாமல் எப்படிப் பகு எண் என்பது?" என்று இன்றும் கேட்கிறார்கள். பகா எண்ணா என்று பார்க்கும் சோதனையில் தோற்றாலே போதும், காரணி தேடுவது வேறு வேலை.

சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஃபெர்மா சோதனை என்பது aⁿ⁻¹-ஐ n-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது; a-தான் அடிமானம். அதை அடிமானம் 2 வைத்துச் செய்தால் இந்த எண் ஜோராகத் தேறிவிடும். பகா அடுக்குள்ள மெர்சென் எண் (2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்) எதுவானாலும் தேறும், 2047 உட்பட. எண்ணே 2-இன் அடுக்கிலிருந்து பிறந்தது. அதை 2-ஐ வைத்தே சோதிப்பது, திருடனிடமே சாட்சி கேட்கிற கதை. ஃபெர்மா சோதனையைவிடக் கறாரான மில்லர்–ராபின் சோதனைக்கும் அடிமானம் 2 இங்கே உதவாது. 3 வைத்துப் பாருங்கள், அல்லது மெர்சென் எண்களுக்கென்றே உள்ள லூகா–லெமர் சோதனைக்கு நேராகப் போங்கள்.

காரணி தேடுகிறவர்கள் 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போவதும் வீண். காரணி எதுவானாலும் 134k + 1 வடிவில்தான் இருக்கும் (134 = 2 × 67, k ஒரு முழு எண்). 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். சிறிய காரணி 193707721. அதை எட்ட சுமார் 7.2 லட்சம் எண்களைச் சோதித்தால் போதும். 19 கோடி எண்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை.

1903-இல் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் நெல்சன் கோல், இந்த எண் 193707721 × 761838257287 என்று காட்டினார். வாய் திறக்காமல் பலகையில் பெருக்கிவிட்டு உட்கார்ந்தார் என்று ஒரு கதை உண்டு.

அந்தப் பெருக்கலைச் சரிபார்க்கப் பலரும் 9-ஆல் வகுத்தால் வரும் மீதியோடு (இலக்கங்களைக் கூட்டியே இதைக் கண்டுபிடிக்கலாம்) நின்றுவிடுகிறார்கள். முதல் காரணியை 197307721 என்று இலக்கம் மாற்றி எழுதியிருந்தாலும் இலக்கக் கூட்டுத்தொகை அதே 37, பெருக்குத்தொகையின் கடைசி இரண்டு இலக்கம் அதே 27. பெருக்குத்தொகையை 11-ஆல் வகுத்துப் பாருங்கள்: வர வேண்டிய மீதி 6, இடம் மாறிய எண்ணை வைத்துப் பெருக்கினால் வருவது 4.